முன்வரிசை ஆளும் பின்வரிசை ஆளும்

என்னை வேலைக்குக் கூப்பிடுகிறவர்கள் வழக்கமாகக் கேட்பது, குளிப்பாட்டுவீர்களா, ஊட்டிவிடுவீர்களா, தங்கி இருப்பீர்களா என்றுதான். இந்த மகள் கேட்டது வேறு.

"நீங்க பெருசா ஒண்ணும் செய்ய வேணாம் நர்ஸம்மா. கூட இருந்து பாருங்க. எங்கப்பா தனியா இருக்கலாமா, கூடாதா? ரெண்டுல ஒண்ணு சொல்லிட்டா போதும்."

"எல்லாத்தையும் ரெண்டுல ஒண்ணா சொல்ல முடியாதும்மா."

"நீங்க எத்தனை பேரைப் பாத்திருப்பீங்க! உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும் என்று நினைத்துக்கொண்டுதான் நானும் போனேன். வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளப் பயிற்சி எடுத்து, ஆஸ்பத்திரியிலும் வீடுகளிலுமாக வேலை பார்த்து, இப்போது நானே வயதானவள். யாருக்கு மறதி, யாருக்குச் சோம்பல், யார் மருமகளை வெறுப்பேற்றுவதற்காகக் காது கேட்காதது போல் உட்கார்ந்திருக்கிறார் என்பதெல்லாம் கொஞ்ச நேரத்தில் பிடிபட்டுவிடும். இந்த மகளின் அப்பா, பல்லு மாஸ்டர் விஷயத்தில் பிடிபடவில்லை.

அவர் பள்ளிக்கூட மாஸ்டர் அல்ல. பல் டாக்டர்கள் நோயாளியின் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள்; அதை வைத்துப் பல்செட் செய்து கொடுப்பது அவர் தொழில். வாழ்நாள் முழுக்க ஒரு பின்னறையில் விளக்கடியில் உட்கார்ந்து, முகமே பார்க்காத ஆட்களுக்குச் சிரிப்பு செய்து அனுப்பிக்கொண்டிருந்தவர். மனைவி தவறிச் சில வருடம் ஆகிறது. ஒரே மகள், ஊரின் மறுகோடியில் அடுக்குமாடியில் இருக்கிறாள். அப்பாவுக்கென்று அங்கே ஓர் அறையைக் காலி செய்து, மெத்தை விரித்து, ஜன்னலுக்குத் திரையும் போட்டுவிட்டாள்.

அவளுக்குப் பயம் வந்ததில் தப்பில்லை. அப்பா விடியற்காலையில் குளியலறையில் விழுந்திருக்கிறார். தண்ணீரே ஊற்றாமல் கெட்டிலை அடுப்பில் வைத்துக் கருக்கியிருக்கிறார். பகலில் போன் செய்தால் பாதிப் பேச்சில் சத்தம் நின்றுபோகிறது. பதறி ஓடி வந்து பார்த்தால் கையில் போனோடு தூக்கம். இதெல்லாம் சமீபத்தில் திடுதிப்பென்று வந்தவை. அப்பாவைக் கூட்டிக்கொண்டு போவது என்று அவள் முடிவெடுத்தபோது, ஒரே ஒரு பொருளை மட்டும் கொண்டுபோக முடியாது என்று தெரிந்தது. ரயில் மேசை.

அந்த மேசை ஓர் அறையில் தொடங்கி, சுவரைத் துளைத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய், சுற்றிக்கொண்டு திரும்பி வருகிறது. இடுப்பு உயரம். அதன் மேல் தண்டவாளம், பாலம், சிக்னல், கடைத்தெரு, சரக்குக் கொட்டகை, மலையடிவாரத்தில் வீடுகள். மனைவி வெளியூர் போயிருந்த நேரம் பார்த்துச் சுவரில் ஓட்டை போட்டாராம். திரும்பி வந்த அந்த அம்மாள் பேச்சை நிறுத்திவிட்டார். கோபம் தணிந்த பிறகு அந்த ஓட்டையில் வாயை வைத்துத்தான் "சாப்பிட வர்றீங்களா இல்லையா?" என்று கூப்பிடுவாராம். இப்போது அதையெல்லாம் அறுத்துப் பிரிக்க ஒரு தச்சரிடம் சொல்லியாகிவிட்டது. மாதக் கடைசியில் வருவார். மேசை பிரிந்தால் அவருக்கு அந்த வீட்டில் ஒன்றுமில்லை. பிரியாவிட்டால் மகளுக்குத் தூக்கமில்லை. நடுவில் நான்.

முதல் நாள் காலை உணவு முடிந்ததும் மாஸ்டர் வேலை மேசையில் உட்கார்ந்தார். அது ஜன்னலோரம் தனியாக இருக்கிறது. பொம்மை ரயிலைக் கடையில் வாங்கலாம், தண்டவாளமும் வாங்கலாம். வீடுகளைக்கூடப் பெட்டியில் போட்டு விற்கிறார்கள். வெட்டி ஒட்டினால் முடிந்தது. அவர் அதைத் தொடமாட்டார்.

"அது எவனோ கட்டின வீடு. என் ஊர்ல நானே வாடகைக்கு இருக்கற மாதிரி இருக்கும்."

ஆகவே எல்லாவற்றையும் அடியிலிருந்து அவரே கட்டுவார். புதுச் சட்டைக்குள் வைத்து வரும் அட்டை சுவராகும். பல் அச்சுக்கு ஊற்றும் மாவு காய்ந்ததும், பல் குடையும் கம்பியால் கீறிக் கீறிச் செங்கல் வரிசை போடுவார். பழைய எக்ஸ்ரே படம் ஜன்னல் கண்ணாடி. ஈறு செய்யும் ரோஸ் நிறப் பசை மீந்து போயிருந்தது. அதை இழைத்து ஓடு வேய்ந்து, மேலே சாயம் பூசிவிடுவார். அந்த ஊரில் பாதிக் கூரை ஈறு. குடித்து முடித்த டீத்தூளைக் காய வைத்து மண்ணாகத் தூவுவார். கட்டடம் வெயில் மழையில் பழசானது போல் தெரிய, அழுக்கு பூசிச் சுவரையும் சுரண்டிவிடுவார்.

இதையெல்லாம் இப்போது கோவையாகச் சொல்கிறேன். அன்று எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: ஒரு முதியவர் குப்பைத்தொட்டியிலிருந்து டீத்தூளை எடுத்து வெயிலில் உலர்த்துகிறார், கட்டி முடித்த புதுக் கொட்டகை மேல் தூரிகையால் அழுக்கைப் பூசுகிறார், நன்றாக இருக்கும் சுவரைச் சுரண்டிப் பெயர்க்கிறார். நான் பயிற்சி எடுத்த இடத்தில் இதற்கெல்லாம் வேறு பெயர் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

கடைத்தெருவின் கடைசியில் இருந்த ஒரு மாடிவீட்டை எட்டிப் பார்த்தேன்.

"ஐயா, இந்த வீட்டுக்குப் பின்சுவரே இல்லையே?"

"பின்னாடி யாரு பாக்கப் போறா?"

"உள்ள இருக்கறவங்களுக்குக் குளிராதா?"

அவர் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். "உள்ள யாரும் இல்லை" என்றார்.

கிண்டலா, இல்லையா? முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கண் பாதி மூடியிருந்தது. கொஞ்ச நேரத்தில் தூரிகையைப் பிடித்தபடியே தூங்கிப்போனார். நான் அதை உருவி வைத்துவிட்டுத் தலைக்குப் பின்னால் ஒரு தலையணையைச் சொருகினேன்.

மாத்திரை விஷயம் முதல் நாளே எனக்குப் பிடிக்கவில்லை. இரத்த அழுத்தத்துக்குக் காலையில் ஒன்று, தூக்கத்துக்கு இரவில் ஒன்று என்று டாக்டர் சீட்டில் இருந்தது. மாத்திரை அட்டைகளைக் காணோம். வேலை மேசையில் ஒரே மாதிரி இரண்டு தகர டப்பாக்கள். இரண்டிலும் வெள்ளை மாத்திரைகள், உதிரியாக.

"அட்டையில இருந்து ஏன்யா பிரிச்சீங்க?"

"தகரம் வேணும்ல." மாத்திரை அட்டையின் அலுமினியத் தாளை நீவி, சீப்பின் பற்கள் மேல் வைத்து ஒரு குச்சியால் அழுத்தினார். எடுத்துக் காட்டியபோது சின்னஞ்சிறு நெளிதகரம். "சரக்குக் கொட்டகைக்குக் கூரை. நீளமான கூரை. நிறைய வேண்டியிருக்கு."

"அதுக்காக மாத்திரையைக் கொட்டி வைப்பாங்களா? மாறிப்போனா?"

அவருக்குச் சுருக்கென்றது. "இத்தனை வருஷத்துல ஒருத்தர் பல்லை இன்னொருத்தர் வாயில மாட்டினது கிடையாது நர்ஸம்மா. எது எங்கன்னு என் கைக்குத் தெரியும். இடது டப்பா காலைக்கு. வலது டப்பா ராத்திரிக்கு."

சொன்னபோது குரலில் தடுமாற்றம் இல்லை. இருந்தாலும் வரும்போது புது மாத்திரை அட்டைகள் வாங்கி வரும்படி மகளிடம் சொன்னேன். சரி என்றாள்.

அடுத்த நாட்களில் நான் கண்டது எதுவும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. மறதி நோய்க்காரர்களுக்குப் பொழுது சாயச் சாயத்தான் குழப்பம் கூடும். விளக்கு வைக்கும் நேரத்தில் வீட்டுக்குப் போகணும் என்று சொந்த வீட்டிலேயே அழுவார்கள். இவர் தலைகீழ். காலை உணவுக்கு முன் நன்றாகத்தான் இருப்பார். அதற்குப் பிறகு மந்தம், தள்ளாட்டம், கேட்டதையே கேட்பது. பொழுது சாயும்போது தெளிந்துவிடுவார். என் முட்டிவலிக்கு எந்த நாற்காலி சரி என்று அவரே பார்த்து நகர்த்திப் போட்டார். தன் மனைவியைப் பற்றி, அவள் சமையலைக் குறை சொல்லும் தைரியம் தனக்கு எப்போதும் வந்ததில்லை என்பது பற்றி, வரிசையாகப் பேசினார். ராத்திரி தூக்கம் வரவில்லை என்று காலையில் சிவந்த கண்ணோடு வந்து உட்கார்ந்தார். விடிந்ததும் படுக்கையிலேயே ஒரு தடவை, எழுந்து நிற்க வைத்து ஒரு தடவை அழுத்தம் பார்த்தேன். எழுந்து நின்றதும் தடாலென்று இறங்கியது. குளியலறையில் விழுந்ததற்கு அதுவே போதும். ஆனால் ஏன் அந்த நேரத்தில்?

கை வேறு என்னைக் குழப்பியது. வேலை செய்யும்போது அவர் பார்க்காமலே கையை நீட்டுவார். கத்திக்கு நீட்டிய கை தூரிகையை எடுத்து வரும். அவர் தூரிகையையே பார்த்துக்கொண்டிருப்பார், யாரோ அதைத் தன் கையில் திணித்துவிட்டது போல. பிறகு தேடுவார். மூளையில் அடைப்பு ஏதாவது வந்து போயிருக்குமோ என்று கையைத் தூக்கச் சொன்னேன், சிரிக்கச் சொன்னேன், விரலால் மூக்கைத் தொடச் சொன்னேன்.

"எங்கிட்ட எத்தனையோ டாக்டருங்க வேலை வாங்கியிருக்காங்க. யாரும் மூக்கைத் தொடச் சொன்னதில்லை" என்றார். தொட்டார். சரியாகத்தான் தொட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள். மாத்திரை அட்டைகளை மறந்துவிட்டாள். சாமான் கட்டுவதற்கு அட்டைப்பெட்டிகள் கொண்டு வந்திருந்தாள். நேராக என்னைக் கையைப் பிடித்து மேசையருகே கூட்டிப் போனாள்.

"இதைப் பாருங்க. இது போதாதா?"

புதிதாகக் கட்டிய ரயில் நிலையம். அழகான கட்டடம். வளைவு வளைவாக வாசல், தூண்கள், கடிகாரத்துக்கு வட்டம். ஆனால் பக்கத்தில் நின்ற ரயில் பெட்டி ஸ்டேஷனைக் குனிந்து பார்ப்பது போல் இருந்தது. பெட்டியில் இருக்கும் ஆட்கள் இறங்கி அந்த வாசலுக்குள் போக வேண்டுமென்றால் தவழ்ந்துதான் போக வேண்டும்.

"எங்கப்பா ஒரு ஜன்னல் ஒரு நூல் ஏறியிருந்தாக்கூடப் பிரிச்சுப் போட்டுத் திரும்பக் கட்டுவார். அவர் கட்டினதா இது? எனக்கே கண்ணுக்குத் தெரியுது, அவருக்குத் தெரியலை."

மலையடிவாரத்தைக் காட்டினேன். "அங்கயும் வீடெல்லாம் குட்டிக் குட்டியாதானே இருக்கு?"

"அது... எப்பவும் அப்படித்தான் இருக்கும்னு நினைக்கறேன்." அவளுக்கும் நிச்சயமில்லை. எது அவர் வேலை, எது அவர் நோய் என்று இருவருக்கும் தெரியாமல் நின்றோம்.

மாஸ்டர் நாற்காலியில் அரைத் தூக்கத்தில் இருந்தார். மகள் முன்னால் குந்தி உட்கார்ந்தாள்.

"அப்பா, அங்க உங்களுக்குன்னு ஒரு ரூம் இருக்கு. பசங்க இருக்காங்க. நான் இருக்கேன்."

"தண்டவாளம்?"

"தண்டவாளம் இல்லப்பா."

"அப்ப நான் எப்படி வர்றது?"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. "சொல்லுங்க நர்ஸம்மா. நேரா சொல்லுங்க."

"இப்ப இருக்கற நிலையில தனியா விட முடியாது. ஆனா ஏன் இப்படி இருக்கார்னு எனக்குப் பிடிபடலை."

அவளுக்கு முதல் வாக்கியம் மட்டும்தான் காதில் விழுந்தது. போகும்போது வாசலில் நின்று தச்சருக்குப் போன் செய்து, சொன்ன நாளில் வந்துவிடும்படி மறுபடி உறுதி செய்துகொண்டாள்.

இரண்டு நாள் கழித்து, நான் அவருக்குக் காலை உணவு வைத்துக்கொண்டிருந்தபோது, கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவர் கதவைத் தட்டாமலே உள்ளே வந்தார். மின்சார வாரியத்தில் கம்பத்தில் ஏறி இறங்கியே ஓய்வு பெற்றவர். லைன்மேன் என்றுதான் தெருவே கூப்பிடும். ரயில் மேசையில் தண்டவாளமும் வயரும் அவர் பொறுப்பு, கட்டடங்கள் மாஸ்டர் பொறுப்பு. கண் அறுவை சிகிச்சைக்குப் போய் மகன் வீட்டிலேயே தங்கி, அன்றுதான் திரும்பியிருந்தார்.

"என்னடா பல்லு, வீட்ல நர்ஸெல்லாம் வச்சிருக்கே? கண்ணை அறுத்தது எனக்கு, சீர் வரிசை உனக்கா?"

"உக்காருடா. கத்தாதே."

லைன்மேன் உட்காரவில்லை. வேலை மேசை முன்னால் போய் நின்று, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். மறுபடி போட்டார். மறுபடி கழற்றினார்.

"எவன்டா இதையெல்லாம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களாட்டம் உயர வரிசையில நிக்க வச்சது?"

நான் அப்போதுதான் பார்த்தேன். கத்திகள், தூரிகைகள், கம்பிகள், பசை, டப்பாக்கள், எல்லாம் குட்டையிலிருந்து நெட்டை வரைக்கும் வரிசையாக நின்றன. சுத்தமான மேசை என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

"பாப்பா அடுக்கினா" என்றார் மாஸ்டர். "ஒரு நாள் நான் குளிக்கப் போயிருந்தப்ப. ஆசையா துடைச்சு, ஆசையா அடுக்கி, 'நல்லா இருக்காப்பா'ன்னு கேட்டா. கலைக்க மனசு வரலை. கை பழகிக்கும்னு விட்டுட்டேன்."

"உன் கை பழகுமா? என் தலைமுடி திரும்ப முளைக்கும்னு சொல்லு, நம்பறேன்."

லைன்மேன் ரயில் பக்கம் திரும்பினார். ஸ்டேஷனைப் பார்த்தார். குனிந்து, வேலை மேசையில் நின்ற ஒரு பொம்மை மனிதனை விரல் நுனியில் எடுத்தார். விரல் நகத்தைவிடக் கொஞ்சம் உயரமான பிளாஸ்டிக் ஆள், தொப்பி வைத்தவன்.

"இவனை வச்சா ஸ்டேஷன் கட்டினே?"

"ஆமா. இடது பக்கத்து ஆள்."

"பல்லு. இது பின்வரிசைக்காரன்டா."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. லைன்மேன்தான் விளக்கினார். வாசல், ஜன்னல், படி எதைக் கட்டினாலும் மாஸ்டர் அளவுகோலை நம்புவதில்லை. ஒரு ஆளை நிறுத்திப் பார்ப்பார். அந்த ஆள் தலை முட்டாமல் நுழைந்தால் அது வாசல். அதற்கு இரண்டு ஆட்கள் உண்டு. மேசையின் முன்வரிசையில் இருப்பவை பெரிய ஆளுக்குக் கட்டியவை. பின்னால் மலையடிவாரத்தில் இருப்பவற்றை வேண்டுமென்றே சின்ன ஆளுக்குக் கட்டுவார். அப்போதுதான் மலை தூரத்தில் இருப்பது போலக் கண்ணை ஏமாற்றும். பின்சுவர் இல்லாத வீடும் அப்படித்தான். முகப்பு மட்டும் போதும், மீதி இடம் தண்டவாளத்துக்கு. பெரிய ஆள் வேலை மேசையின் இடது பக்கம் நிற்பான், சின்னவன் வலது பக்கம். இரண்டு பேரும் ஒரே தொப்பி, ஒரே சட்டை. உயரத்தில் ஓர் அரிசிமணி வித்தியாசம். குட்டையானதை முதலில் வைத்து மகள் அடுக்கியபோது இருவரும் இடம் மாறிவிட்டார்கள்.

மாஸ்டர் எழுந்து வந்தார். வேலை மேசையின் வலது பக்கத்திலிருந்து மற்ற ஆளை எடுத்து, ஸ்டேஷன் வாசலில் நிறுத்தினார். அவன் தலை வளைவுக்கு மேலே நின்றது.

"எனக்குத் தெரிஞ்சிருக்கணும்" என்றார். "பாத்த உடனே தெரிஞ்சிருக்கணும். எப்படித் தெரியாமப் போச்சு?"

அதற்குள் என் கண் வேறிடத்துக்குப் போய்விட்டது. ஒரே மாதிரி இரண்டு தகர டப்பாக்கள். ஒன்று மற்றதைவிடச் சற்றுக் குட்டை. இதுவரை நான் அதைக் கவனிக்கவே இல்லை.

"ஐயா, காலை மாத்திரை போட்டாச்சா?"

"இல்லை. இனிமேதான்."

"போடாதீங்க."

இரண்டு டப்பாவிலிருந்தும் ஒவ்வொன்றை எடுத்து, தனித்தனித் தாளில் மடித்து, எது எதிலிருந்து வந்தது என்று மேலே எழுதிக்கொண்டு தெருமுனை மருந்துக்கடைக்குப் போனேன். கடைக்காரப் பெண் அதே மருந்துகளின் புது அட்டைகளை எடுத்துப் பிரித்து, கண்ணாடி மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். நடுவில் கோடு போட்டது தூக்க மாத்திரை, கோடில்லாதது அழுத்தத்துக்கு. இடது டப்பாவில் இருந்ததுதான் கோடு போட்டது. மகள் மேசையைத் துடைத்த நாளிலிருந்து, அவர் காலைதோறும் தூக்க மாத்திரையைப் போட்டுக்கொண்டு கத்தியும் கையுமாக உட்கார்ந்திருக்கிறார். அழுத்த மாத்திரையை இரவில் போட்டுக்கொண்டு, விடியற்காலையில் தலைசுற்ற எழுந்து குளியலறைக்குப் போயிருக்கிறார்.

தெளிவாக இருந்திருந்தால் சின்ன ஆளை ஒரு பார்வையில் கண்டுபிடித்திருப்பார். மந்தமாக இருந்ததால் இடத்தை நம்பினார்.

டாக்டருக்கு உடனே போன் செய்தேன். அன்றைக்கே கூட்டி வரச் சொன்னார். அழுத்த மாத்திரை பழையபடி காலையில். தூக்க மாத்திரையைப் பாதியாக்கி, பிறகு மெல்ல மெல்ல நிறுத்திப் பார்ப்போம் என்றார். டப்பாக்கள் இரண்டும் என் பைக்குள் போயின. புது மாத்திரை அட்டைகள் சமையலறை அலமாரிக்கு வந்தன. ஒவ்வொரு வேளையும் மாத்திரையை நானே பிரித்துக் கொடுத்தேன். காலியான தாளை அவர் வாங்கிக்கொண்டார். கொட்டகைக்கு இன்னும் கொஞ்சம் கூரை பாக்கி இருந்தது.

மகள் அன்று மாலையே வந்தாள். நான் சொன்னதை நின்றபடியே கேட்டாள்.

"நான் துடைச்சதாலயா?"

"நீங்க துடைச்சீங்க, அவர் அட்டையைப் பிரிச்சார், ரெண்டும் சேந்துபோச்சு. யார் மேலயும் பழி போடறதுக்கு இதுல ஒண்ணுமில்லை. ஒரு காபி குடிங்க."

"அப்ப அப்பாவுக்கு ஒண்ணும் இல்லையா?"

"அப்படியும் சொல்ல முடியாது. மருந்து உடம்பை விட்டு இறங்கட்டும். அதுக்கப்புறம் மிச்சம் என்ன இருக்குன்னு பாக்கணும்."

"ஞாயித்துக்கிழமை தனியா விடக்கூடாதுன்னீங்க. இப்ப தெரியாதுங்கறீங்க. நான் எதை நம்பறது?"

"ரெண்டையும் நம்புங்க. ரெண்டும் அந்தந்த நாள்ல உண்மைதான்."

அவளுக்கு என் மேல் கோபம். இருக்கட்டும்.

மெல்ல மெல்ல அவர் தெளிந்தார். முழுதாகவா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ராத்திரி தூங்கினார். பகலில் தலை நிமிர்ந்தது. எழுந்து நின்றாலும் அழுத்தம் இறங்கவில்லை. லைன்மேன் வந்து, இருவருமாக மேசையை உயர வரிசையிலிருந்து பழைய அலங்கோலத்துக்குக் கொண்டு வந்தார்கள். கை கத்திக்குப் போனால் கத்தி வந்தது. ஆனால் ஒரு நாள் குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டார். இன்னொரு நாள் பேரனின் பெயரைத் தேடி வெகுநேரம் நின்றார். அந்த வயதில் எல்லோரும் செய்வதுதான். உப்பு விஷயத்தில் நானும் சேர்த்தி. முன்பே இப்படி இருந்தாரா, இப்போது வந்ததா? முன்பு யாரும் கவனிக்கவில்லை. இப்போது ஒவ்வொரு கரண்டியையும் கவனித்தோம்.

அவருக்கும் அதே சந்தேகம் தொற்றிக்கொண்டது. கெட்டிலை அடுப்பில் வைத்துவிட்டு, அதன் பக்கத்திலேயே கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்.

"நீங்க போய் உக்காருங்க ஐயா, நான் பாத்துக்கறேன்."

"வேணாம். தண்ணி ஊத்தினேனான்னு மூணு தடவை திறந்து பாத்துட்டேன்." பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார்: "எனக்கே என் மேல நம்பிக்கை இல்லை நர்ஸம்மா. அந்த நாள்ல எல்லாம் சரியா செய்யறேன்னுதான் நினைச்சேன். இப்பவும் அப்படித்தான் நினைக்கறேன். வித்தியாசம் எப்படித் தெரியும்?"

"யாராவது பக்கத்துல இருந்தா தெரியும்" என்றேன்.

"அப்ப பாப்பா வீட்டுக்குப் போறதுதான் சரியோ?"

"போகலாம். அதுக்கு உடம்பு காரணம்னு சொல்லாதீங்க. இப்ப நான் பாக்கற உடம்புக்கு இந்த வீடு ஒத்து வரும். காலையில ஒரு ஆள் வரணும். குளியலறையில பிடிச்சுக்க ஏதாவது வேணும். அவ்வளவுதான்."

மகளிடமும் இதையே சொன்னேன். அவள் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. முடிவெடுக்கத் தெரியாமல் நாளைக் கடத்தினாள். ஆகவே தச்சருக்கு வர வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. சொன்ன நாளில், சொன்ன நேரத்தில், ரம்பத்தோடு வந்து நின்றார்.

மகளும் வந்திருந்தாள். லைன்மேன் தச்சரைப் பார்த்ததும் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு மேசைக்கு முன்னால் போய் நின்றார்.

"மொதல்ல என்னை அறுத்துட்டு அப்புறம் அதை அறு."

"யாராவது ஒருத்தர் சொல்லுங்கம்மா" என்றார் தச்சர், ரம்பத்தைக் கீழே வைக்காமல். "அறுக்கணுமா, வேணாமா? எனக்கு அடுத்த வேலை இருக்கு."

மகள் அப்பாவைப் பார்த்தாள். அப்பா இதில் எதையும் காதில் வாங்கவில்லை. ஸ்டேஷனின் அடியில் மெல்லிய கத்தியை விட்டு, பலகையிலிருந்து அதைப் பெயர்த்துக்கொண்டிருந்தார். "பாப்பா, இந்தப் பக்கம் பிடி. தூக்காதே, பிடிச்சுக்க மட்டும் செய்" என்றார். அவள் போய்ப் பிடித்தாள்.

"பிரிக்கப் போறீங்களாப்பா? இவ்வளவு அழகா இருக்கே."

"அழகா இருந்தா ஆச்சா? ஆளு நுழைய வேணாமா? திரும்பக் கட்டணும்."

"எப்ப கட்டுவீங்க?"

"நீ கைய விட்டதும்."

அவள் சிரித்துவிட்டாள். பிறகு ஸ்டேஷனை விடாமலே தச்சரைத் திரும்பிப் பார்த்தாள். "அண்ணே, அறுக்க வேணாம். குளியலறையில ரெண்டு கைப்பிடி வைக்கணும். வாசப்படியில ஒண்ணு. இன்னிக்கே முடியுமா?"

"முடியும். எங்கன்னு காட்டச் சொல்லுங்க" என்றார் தச்சர். அவருக்கு எல்லாம் ஒன்றுதான்.

லைன்மேன் மடித்துக் கட்டிய கைலியை இறக்கிவிட்டார்.

ஸ்டேஷன் பலகையை விட்டு வந்தது. மாஸ்டர் கூரையை நெம்பித் திறந்தார். உள்ளே எட்டிப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். நாங்களும் எட்டிப் பார்த்தோம். உள்ளே ஓர் அறை இருந்தது. சுவருக்கு வெள்ளை, தரைக்குக் கட்டம் போட்ட சதுரங்கள். ஒரு மேசை, அதன் மேல் ஒரு விளக்கு, ஒரு நாற்காலி, நாற்காலி முதுகில் ஒரு துண்டு. துண்டில் மடிப்புக்கூட இருந்தது. கூரையை ஒட்டி மூடிய பிறகு யார் கண்ணுக்கும் படாத இடத்தில் இவ்வளவும்.

"இதை எப்படா செஞ்சே?" என்றார் லைன்மேன்.

"தெரியலையே."

"அப்பா," மகளின் குரல் இறங்கியது, "ஞாபகமே இல்லையாப்பா?"

"சுத்தமா இல்லை." அவர் அந்தத் துண்டின் மேல் கத்தி நுனியை வைத்து, தொடாமல் எடுத்தார். "ஆனா நல்லாத்தான் செஞ்சிருக்கேன். எதுக்குன்னு தெரியலை."

மகள் என்னைப் பார்த்தாள். அந்தப் பழைய கேள்வி மறுபடி முகத்தில் வந்துவிட்டது: இருக்கலாமா, கூடாதா? தச்சர் குளியலறையிலிருந்து கூப்பிட்டார்.

"வாங்கம்மா" என்றேன். "கைப்பிடி எந்த உயரத்துல வேணும்னு அவர் கேக்கறார். சுவர்ல துளை போட்டப்புறம் மாத்த முடியாது."

அவள் ஸ்டேஷனை அப்பா கையில் கொடுத்துவிட்டு என்னோடு வந்தாள்.